சின்னச் சபையின் வரலாற்றை எழுதுவது எப்படி: நீம் நகரத்துத் தங்கச்சிக்குச் சொன்னது

போன வருஷம் ஆடி மாதம் என் தங்கச்சி பிரான்சிலிருந்து கூப்பிட்டாள். பாண்டிச்சேரிக் குடும்பத்தில் வாக்கப்பட்டு, இப்போது தெற்கே நீம் நகரத்துப் பக்கம் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் போவது நாற்பது ஐம்பது பேர் கூடும் ஒரு சின்ன சுவிசேஷ சபை (புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவு), ஆராதனை முழுக்கப் பிரெஞ்சு. சபைக்கு ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, சின்னதாக ஒரு வரலாற்றுப் புத்தகம் போடலாம் என்று மூப்பர்கள் பேசி, அந்த வேலையை இவளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். "அண்ணா, நம்ம ஊர்ச் சபைக்கு நீங்க எழுதுனீங்கல்ல, எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு சொல்லுங்க" என்றாள்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம், அப்புறம் மாதக்கணக்கில் வாய்ஸ் நோட்டாக அனுப்பிக்கொண்டே இருந்தேன். அதையெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கோபி, சத்தி, பவானி, தாராபுரம் என்று நம்ம பக்கம் ஓடு வேய்ந்த சின்னக் கோயில் வைத்திருக்கிற எந்தச் சபைக்கும் இது உதவும். பிரெஞ்சு பேசும் சபைக்கு மட்டும் வேண்டிய சங்கதிகளை அங்கங்கே சொல்கிறேன்.

கட்டடத்தை விட்டுவிட்டு ஆட்களிடம் போங்கள்

சபை வரலாறு என்று அச்சாகிற புத்தகங்களில் பெரும்பாலும் என்ன இருக்கும்? போதகர்களின் பெயர்ப் பட்டியல், அஸ்திவாரக் கல் போட்ட தேதி, பேராயர் வந்தபோது எடுத்த படம், கடைசியில் நன்கொடை கொடுத்தவர்கள். இதெல்லாம் வேண்டும்தான். ஆனால் சின்னச் சபையில் போதகர் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாகிப் போகிறவர், இருந்து தாங்கியது வேறு ஆட்கள். எங்கள் கோயில் கல்வெட்டில் 1961 என்று இருக்கிறது. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் சபை கூடியது ஒரு தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள் இருக்கும் சின்ன வீட்டில். அந்தப் பன்னிரண்டு வருஷத்தைப் பற்றி எந்தக் கல்லிலும் ஓர் எழுத்து கிடையாது.

அதனால் முதல் வேலை, சபையில் எண்பது தாண்டியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அதில் பெண்களிடம் முதலில் போங்கள். ஆண்கள் கமிட்டியையும் வழக்கையும் ஞாபகம் வைத்திருப்பார்கள், பெண்கள் ஆட்களை ஞாபகம் வைத்திருப்பார்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் சபைப் பெரியம்மா ஒருவருக்கு அப்போது வயது 86. திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் நோட்டும் பேனாவுமாகப் போய், "சபை எப்பங்க பெரியம்மா ஆரம்பிச்சது?" என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்கென்ன கண்ணு தெரியும், ஐயருகிட்டக் கேளு" என்று முடித்துவிட்டார். ஐயர் என்றது போதகரை. அடுத்த வாரம் கேள்வியை மாற்றிக்கொண்டு போனேன். "மொதல் கிறிஸ்துமஸுக்குச் சோறு ஆக்குனது யாருங்க?" கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டுவிட்டு ஒன்றேகால் மணி நேரம் பேசினார். அண்டா யார் வீட்டிலிருந்து வந்தது, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விட்டார்கள், எந்தக் கிணற்றில் விடவில்லை, கட்டுத்தரையைச் சாணி போட்டு மெழுகியது யார், பெட்ரோமாக்ஸ் லைட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்த உபதேசியார் (போதகருக்கு உதவியாக ஊரில் வேதம் சொல்லித்தருபவர்) வழியில் விழுந்து மேண்டில் உடைந்துபோய் அன்றைக்கு இருட்டிலேயே பாட்டுப் பாடியது வரைக்கும். எங்கள் புத்தகத்தின் முதல் இருபது பக்கம் அந்த ஒரு மத்தியானத்தில் கிடைத்தது.

அதனால் எப்போது, எத்தனை பேர், யார் தலைமையில் என்று கேட்காதீர்கள். எங்கே உட்கார்ந்தீர்கள், எதன்மேல் உட்கார்ந்தீர்கள், வெளிச்சம் எது, மழை பெய்தால் என்ன செய்தீர்கள், காய்ச்சலில் படுத்தால் யார் வந்து பார்த்தது, முதல் கல்யாணத்தில் என்ன சமைத்தார்கள், முதல் சாவுக்கு எங்கே புதைத்தீர்கள் என்று கேளுங்கள். தங்கச்சி தன் முதல் வரைவில் "1976இல் ஒரு போதகர் வந்து சபையை ஆரம்பித்தார்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பியிருந்தாள். முதல் கூட்டம் யார் வீட்டில், அந்த வீட்டில் எந்த அறையில் என்று கேட்டு வா என்றேன். கேட்டால், வீட்டு கராஜிலாம். சனிக்கிழமை சாயங்காலமே காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, தரையில் எண்ணெய்க் கறை மறைய ஒரு பழைய கம்பளத்தை விரித்து, அண்டை வீடுகளில் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு இப்போது தொண்ணூறு வயது. இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இதைக் கேட்டதே இல்லை.

பேசும்போது அனுமதி கேட்டு போனில் பதிவு செய்யுங்கள். பதிவு முடிந்ததும் பேர், ஊர், தேதி மூன்றையும் உங்கள் குரலிலேயே சொல்லி நிறுத்துங்கள். ஆறு மாதம் கழித்து முப்பது ஆடியோ இருக்கும்போது எது யாருடையது என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். அன்றைக்கே இன்னொரு இடத்தில் நகல் வைத்துவிடுங்கள். எழுதும்போது அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாதீர்கள். "வேதத்துல சேர்ந்தோம்" என்று பெரியம்மா சொன்னதை "கிறிஸ்தவத்தைத் தழுவினர்" என்று எழுதினால் அவர் குரல் போய்விடுகிறது.

வருஷத்தைப் பிடிப்பது

வயதானவர்கள் வருஷம் சொல்ல மாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். அதனால் போகும்போதே சம்பவங்களின் பட்டியல் ஒன்று கையில் இருக்கட்டும். பவானிசாகர் அணை கட்டி முடிந்தது 1955. கீழ்பவானி வாய்க்கால் வெட்டும்போதா, வெட்டித் தண்ணீர் வந்த பிறகா என்று கேட்டால் எங்கள் பக்கம் யாரும் பதில் சொல்லிவிடுவார்கள். அமராவதிக் கரையில் 1977 நவம்பர் வெள்ளம். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24 விடியற்காலையில், மறுநாள் கிறிஸ்துமஸ். பஸ் ஓடாத அந்தக் கிறிஸ்துமஸை மறந்த சபை தமிழ்நாட்டிலேயே இருக்காது, அன்றைக்குக் கோயிலுக்கு யார் யார் நடந்து வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கோயம்புத்தூர் குண்டுவெடிப்பு 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை, மறுநாள் ஆராதனை நடந்ததா என்பது அந்த ஊர்ச் சபைகளுக்கு நல்ல கேள்வி. சுனாமி 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை.

தமிழ் வருஷப் பெயரில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். "தாது வருஷத்துல எங்க தாத்தா வேதத்துக்கு வந்தாரு" என்று சொன்னால், பெரும் பஞ்சம் வந்த தாது 1876. ஆனால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும், 1936ம் தாது, 1996ம் தாது. தாத்தாவுக்குப் பேரன் பேத்தி எத்தனை, அவர்கள் வயதென்ன என்று கணக்குப் போட்டால் எந்தத் தாது என்று தெரிந்துவிடும்.

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து வருஷத்தை அச்சில் ஏற்றாதீர்கள். இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒரு ஆளும் ஒரு காகிதமும்.

காகிதங்கள்

காகிதம் எப்போதும் ஆட்களுக்குப் பின்னால்தான் வரும். எங்கள் கோயில் நிலத்துக்குப் பத்திரம் 1958, கல்வெட்டு 1961, சாளையில் கூடியது 1949. மூன்றும் சரி, மூன்றும் வேறு வேறு விஷயத்தின் தேதி. கல்லில் இருப்பது பிரதிஷ்டை தேதி, அதைச் "சபை பிறந்த நாள்" என்று எழுதினால் பிழை.

1949 என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கணக்கு நோட்டு. முதல் உபதேசியாரின் மருமகள் வீட்டுப் பரணில், மஞ்சள் பையில் சுற்றி வைத்திருந்தார்கள். நீளவாக்கில் இருக்கும், துணி அட்டை, ஒரு ஓரம் கரையான் தின்றது. முதல் பக்கத்தில் 1949 தை மாதம் என்று போட்டு ஒன்பது வீட்டுப் பெயர். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வரி: பிடியரிசி 3 படி, கம்பு அரை வள்ளம், ராகி 2 படி, ரொக்கம் 0-6-0, அதாவது ஆறு அணா. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டு வைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்த தானியம் அது. இந்த மாதிரி நோட்டு கிடைத்தால் பக்கம் பக்கமாக வரிசையாகப் படியுங்கள், சும்மா புரட்டாதீர்கள். ஒரு கோடையில் அரிசி என்ற சொல்லே நான்கு மாதம் காணோம், கம்பும் ராகியும் மட்டும்தான். ஒரு பெயர் மூன்று வாரம் வராமல் நான்காவது வாரம் "சாவுக்குப் பெட்டி வாங்க" என்று செலவு இருக்கும். போதகர் அறிக்கையில் ஒருபோதும் வராத சபை வாழ்க்கை இப்படிப்பட்ட வரிகளில் இருக்கிறது.

பணத்தை வைத்தும் காலத்தைப் பிடிக்கலாம். நம்ம நாட்டில் அணாக் கணக்கு மாறி நூறு பைசாக் கணக்கு வந்தது 1957 ஏப்ரல் 1. வருஷம் கிழிந்துபோன பக்கத்தில் கணக்கு அணாவில் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தினது, நயா பைசா என்றால் பிந்தினது. பிரான்சிலும் இதே உபாயம் உண்டு: 1960 ஜனவரி 1 அன்று பழைய நூறு ஃப்ராங்க் ஒரு புது ஃப்ராங்க் ஆனது, 2002 ஜனவரியில் யூரோ நோட்டு கைக்கு வந்தது.

அப்புறம் ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு. 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி எழுதப்படுவதால் கல்யாணப் பதிவேடு கொஞ்சம் ஒழுங்காக இருக்கும், சாட்சிக் கையெழுத்தும் இருக்கும். சாட்சிகளைக் கவனியுங்கள், சபையில் அன்றைக்கு யார் யாருக்கு நெருக்கம் என்று அதில் தெரியும். கைநாட்டு எத்தனை, கையெழுத்து எத்தனை என்று பத்து வருஷத்துக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள், மிஷன் பள்ளிக்கூடம் என்ன செய்தது என்று அதிலேயே தெரியும். நிலத்துக்கு வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். தேடும்போது சபையின் இன்றைய பெயரில் மட்டும் தேடாதீர்கள். ஜெபவீடு, வேதக்கோயில், மிஷன் பள்ளிக்கூடம், சில சமயம் உபதேசியாரின் சொந்தப் பெயர் என்று எதில் வேண்டுமானாலும் எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயரும் அப்படியே: ஈரோட்டில் மீனாட்சிசுந்தரனார் சாலை என்று எழுதினாலும் ஜனங்கள் வாயில் அது இன்னும் மிஷனரி பிரப் பெயரில் பிரப் ரோடுதான்.

பழைய பதிவேடு வேறு ஊர் அலுவலகத்தில் இருந்தால் பொறுமை வேண்டும். ஒரு இடத்தில் என்னை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள், காரணம்கூடச் சொல்லவில்லை. நாலாவது தடவை எங்கள் சபை மூப்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, எந்த வருஷம், எந்தக் குடும்பம், எத்தனை பக்கம் என்று எழுதிய ஒரு கடிதத்தோடு போனேன், அரை மணி நேரம் கொடுத்தார்கள். "எல்லாப் பதிவேட்டையும் பார்க்கணும்" என்று கேட்டால் பயப்படுவார்கள், ஒரு வருஷத்தை மட்டும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

லண்டன் மிஷன் வழி வந்த சபைகளுக்கு இன்னொரு ஊற்று இருக்கிறது. கோயம்புத்தூரில் அந்த மிஷனை அடிஸ் என்ற மிஷனரி தொடங்கியது 1830இல். மிஷனரிகள் எழுதி அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. பெங்களூரு யுனைடெட் தியலாஜிக்கல் காலேஜிலும் நல்ல ஆவணக் காப்பகம் உண்டு. அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள், காசு கொடுக்கிற ஜனங்களுக்காக எழுதியது அது. நம்ம உபதேசியார் பல இடங்களில் பெயரே இல்லாமல் வருவார். அந்தப் பெயரைக் கண்டுபிடித்துப் போடுவது உங்கள் வேலை.

பிரெஞ்சுச் சபை என்றால்

அங்கே சபை சங்கமாகப் பதிவாகியிருக்கும், 1901 ஜூலை 1 சட்டப்படியோ, அரசையும் சபைகளையும் பிரித்த 1905 டிசம்பர் 9 சட்டப்படி வழிபாட்டுச் சங்கமாகவோ. பதிவான அறிவிப்பு ழூர்னால் ஓஃபிசியேல் என்ற அரசிதழில் வந்திருக்கும், பெயர், நோக்கம், முகவரி எல்லாம் அதில் கிடைக்கும். தங்கச்சி தேடி எடுத்தாள், 1976. ஆனால் கராஜ் வீட்டம்மா 1974 என்கிறார். கிழவிக்கு ஞாபகப் பிசகு என்று மூப்பர்கள் சொன்னார்களாம். எங்கள் கல்வெட்டுக் கதையைச் சொன்னேன். பழைய புகைப்படம் ஒன்றின் பின்பக்கத்தில் 1974 என்று பேனாவில் எழுதியது கிடைத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். பண்டிகையை 1976 கணக்கிலேயே வைத்துக்கொண்டு, புத்தகத்தின் முதல் அதிகாரத்தை கராஜிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். (புகைப்படம் எது கிடைத்தாலும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து வையுங்கள்.)

ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸ், மோசெல் பக்கத்துச் சபை என்றால் கதை வேறு. 1905இல் அந்த நிலம் ஜெர்மனி கையில் இருந்ததால் அந்தச் சட்டம் இன்றும் அங்கே செல்லாது. பிரான்சில் பிறப்பு, கல்யாணப் பதிவுகள் 75 வருஷம் தாண்டினால் யாரும் பார்க்கலாம், மாவட்ட ஆவணக் காப்பகங்களின் தளங்களில் நிறைய ஏற்றியிருக்கிறார்கள். பாரிசில் பிரெஞ்சு புராட்டஸ்டண்ட் வரலாற்றுச் சங்கம் 1852 முதல் இருக்கிறது, அதன் நூலகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

சொற்களில் கவனம். கத்தோலிக்கர் கட்டடத்தை அங்கே எக்லீஸ் என்பார்கள், புராட்டஸ்டண்ட் கட்டடம் தாம்ப்ள், அதாவது நம்ம கோயில் என்கிற சொல்லேதான். தங்கச்சி சபை மாதிரி சின்ன சபைகளில் பலதும் வெறும் சால், கூடம். பழைய காகிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்பதை வைத்தே அந்தச் சபை தன்னை எப்படிப் பார்த்தது என்று தெரியும்.

இனி, எங்கிருந்து வந்தோம் என்ற கேள்வி. நீம் பக்கம் எல்லாச் சபைக்கும் தன்னை ஹ்யூகனோக்களோடு, அதாவது அந்தக் காலத்துப் பிரெஞ்சு புராட்டஸ்டண்டுகளோடு சேர்த்துக்கொள்ள ஆசை இருக்கும், அந்த ஆசையில் தப்பில்லை, அந்த மண் அப்படிப்பட்டது. 1685இல் பதினான்காம் லூயி ராஜா புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த உரிமையைப் பறித்த பிறகு, 1787 வரை ஒரு நூற்றாண்டு காட்டிலும் மலையிலும் மறைந்து கூடினார்கள். அந்தக் காலத்தை வனாந்தரக் காலம் என்கிறார்கள். மியாலே என்ற ஊரில் வனாந்தர அருங்காட்சியகம் இருக்கிறது, தங்கச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் பேசினாள். மடித்தால் தானியம் அளக்கிற மரப்பாத்திரம் போலத் தெரியும் பிரசங்க பீடம், பெண்கள் கொண்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோன குட்டிச் சங்கீதப் புத்தகம், திருவிருந்துக்கு வருகிறவர் ஒற்றனில்லை என்று காட்டக் கொடுத்த மெரோ என்ற சின்ன உலோக வில்லை. எக்மோர்த் கோட்டையில் மரி துரான் என்ற பெண் 1730 முதல் 1768 வரை, 38 வருஷம் சிறையில் இருந்தார். விசுவாசத்தை விட்டால் வெளியே விட்டிருப்பார்கள். பொதுக் கல்லறையில் இடம் கிடைக்காதவர்கள் சொந்த நிலத்திலேயே புதைத்தார்கள். நம்ம பக்கம் தோட்டத்துக்குள் சமாதி இருப்பது மாதிரி அந்த மலைச்சரிவுகளில் இன்றும் குடும்பக் கல்லறைகள் இருக்கின்றன.

ஆனால் 1974இல் கராஜில் பிறந்த சபைக்கு இது பக்கத்து வீட்டுக் கதை, சொந்த வீட்டுக் கதை இல்லை. சுவிசேஷ சபைகள் பலவும் வேறு வழியில் வந்தவை. சில, 1817 வாக்கில் ஜெனீவாவில் ராபர்ட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மாணவர்களுக்கு ரோமர் நிருபம் படித்துக் காட்டியதிலிருந்து பரவிய எழுப்புதலில் வேர் விட்டவை. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றுக்கு 1930இல் ல ஆவ்ர் துறைமுகத்துக்கு வந்த டக்ளஸ் ஸ்காட் என்ற இங்கிலாந்துச் சுவிசேஷகர் தொடக்கம். இன்னும் சில, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த மிஷனரிகளால் உண்டானவை. இதில் உங்கள் சபை எந்தக் கிளை என்று முதல் போதகர் எங்கே படித்தார், எந்தப் பாட்டுப் புத்தகம் பாடினார்கள் என்று பார்த்தால் தெரியும். தெரிந்த கிளையை எழுதுங்கள், வனாந்தரக் காலத்துக்கு ஒரு பக்கம் போதும். நம்ம பக்கமும் இதேதான், 1980இல் தொடங்கிய சபை அடிஸ் காலத்திலிருந்து தன் கதையை ஆரம்பிக்க வேண்டியதில்லை.

எழுதச் சங்கடமானவை

சாதியை விட்டுவிட்டு நம்ம பக்கத்துச் சபை வரலாறு எழுத முடியாது. எந்தத் தெருவில் சபை பிறந்தது, யார் முன்னால் உட்கார்ந்தார்கள், எந்தக் கிணறு, எந்தக் கல்லறைத் தோட்டம் என்பதைச் சொல்லாமல் "அனைவரும் ஒருமனமாக" என்று எழுதினால், பட்டவர்கள் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்க மாட்டார்கள். நடந்ததை நடந்தபடி, வசவு இல்லாமல் எழுதுங்கள்.

ஆனால் உயிரோடு இருப்பவர்களின் பெயரில் மிகவும் ஜாக்கிரதை. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவராக மாறினால் பட்டியல் சாதி உரிமை கிடையாது. அதனால் பல குடும்பங்களில் கோயில் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். நீங்கள் அன்போடு அச்சடித்த ஒரு வரி ஒரு பிள்ளையின் படிப்பையோ வேலையையோ பாதிக்கலாம். வீட்டுக்குப் போய்க் கேட்டு, சரி என்றால் போடுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். வனாந்தரக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களும் இப்படித்தான் இருந்தார்கள், சட்டத்துக்காகப் பாதிரியாரிடம் ஞானஸ்நானம், விசுவாசத்துக்காகக் காட்டில் கல்யாணம். அந்தக் கல்யாணங்களை 1787 வரைக்கும் அரசு ஒத்துக்கொள்ளவில்லை.

சபை உடைந்த கதை இருந்தால் இரண்டு பக்கத்தாரிடமும் கேளுங்கள். பிரிந்து போனவர்களின் பெயரை நீக்காதீர்கள், அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவர்கள் அவர்களும்தான்.

அச்சுக்குப் போகும் முன்

முழுப் பிரதியையும் சபையில் மூன்று வயதானவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், கையில் கொடுத்தால் கண் தெரியாமல் "நல்லா இருக்குது கண்ணு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நான் இதைச் செய்யாமல் 150 பிரதி அடித்துவிட்டேன். சாளையைக் கூடுகைக்கு விட்டவர் என்று பத்திரத்தில் இருந்த ஆணின் பெயரைப் போட்டிருந்தேன். புத்தகம் வெளியிட்ட அன்றைக்குப் பெரியம்மா பக்கத்தில் கூப்பிட்டு, "அவரு கடைசி வரைக்கும் வேண்டாம்னுதான் சொன்னாரு, சாவி கொடுத்தது அவரு சம்சாரம்" என்றார். அந்த அம்மாவின் பெயரைச் சின்னச் சீட்டில் அடித்து 150 பிரதியிலும் பதினோராம் பக்கத்தில் ஒட்டினோம், ராத்திரி பத்து மணி வரைக்கும், கோயில் தரையில் உட்கார்ந்து.

பெரிய எழுத்தில் அடியுங்கள், பதினான்கு புள்ளிக்குக் குறையாமல். படத்துக்குக் கீழே இருக்கிற எல்லோர் பெயரும் இடமிருந்து வலமாக வரட்டும், தெரியாத முகத்துக்கு இடம் விட்டு வையுங்கள், யாராவது பார்த்துச் சொல்வார்கள். கடைசியில் நான்கு வெற்றுப் பக்கம் விடுங்கள், திருத்தம் எழுத. ஆளுக்கொரு பிரதி போக, பேராய அலுவலகத்துக்கு ஒன்று, ஒரு இறையியல் கல்லூரி நூலகத்துக்கு ஒன்று, பக்கத்து அரசு நூலகத்துக்கு ஒன்று. பழைய நோட்டை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், படமெடுத்துக்கொண்டு, புதுத் துணியில் சுற்றி, எடுத்த வீட்டிலேயே திரும்பக் கொடுங்கள்.